வீட்டு வறுமையைக் காட்டிக்கொடுக்காத வகுப்பறை: புதிதாகப் பொறுப்பேற்கும் வகுப்பாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

வகுப்பாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதவர்களை எழுந்து நிற்கச் சொன்னேன். பட்டியலைச் சரிபார்க்க அதுவே விரைவான வழி என்று அன்று நினைத்தேன். ஐந்து பேர் எழுந்தார்கள். அவர்களில் ஒருவன், கணக்குப் பாடத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு விடை சொல்பவன், "எனக்கு டூர் பிடிக்காது டீச்சர்" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த சிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். மறுநாளும் அதற்கடுத்த இரண்டு நாட்களும் அவன் பள்ளிக்கு வரவில்லை. பணமில்லாத நிலை அவனுக்குப் பழகிய ஒன்று. அதை நாற்பது பேர் முன்னால் சொல்ல வைத்தவள் நான்.

அதன் பிறகு பல ஆண்டுகள் தட்டுத் தடுமாறி, சில ஏற்பாடுகளைத் தவறாகச் செய்து திருத்திக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எந்தப் படியில் இருந்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பொருளையோ வாய்ப்பையோ பெற ஒரு பிள்ளை தன் வீட்டு நிலையைப் பிறர் முன் சொல்ல வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் அந்த வழக்கத்தை மாற்றியாக வேண்டும்.

1. பள்ளி திறப்பதற்கு நான்கு வாரங்கள் முன்பு: ஆண்டுச் செலவுப் பட்டியலைத் தயாரியுங்கள்

கட்டணம் என்று ரசீது போடுவது மட்டுமே செலவு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஓர் ஆண்டு முழுவதும் பள்ளி வீட்டிலிருந்து கேட்கும் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சீருடை, ஷூ, விளையாட்டு உடை, அடையாள அட்டை, நோட்டுகளுக்கான அட்டை, சார்ட் தாள், வண்ணங்கள், அச்செடுக்கும் செலவு, கைபேசியின் டேட்டா, குழுப் புகைப்படம், ஆண்டுவிழா உடை, வண்ண உடை நாள், சுற்றுலா, சுற்றுலாவில் கையில் வைத்துக்கொள்ளும் பணம், நன்கொடை வசூல், ஆசிரியர் நாளுக்குப் பிள்ளைகள் தமக்குள் சேர்க்கும் தொகை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். நான் முதலில் நினைவிலிருந்து எழுதியபோது ஒன்பது இனங்களே வந்தன. இரண்டு பெற்றோரிடம் காட்டியபோது அவை இருபத்தாறாக வளர்ந்தன. விடுபட்டிருந்தவற்றில் பெரும்பாலானவை சிறு தொகைகள். ஆனால் முதல் நாள் மாலையில் சொல்லி மறுநாள் காலையில் கேட்கப்படுபவை அவைதாம் என்பதால் குடும்பங்களை அதிகம் திணறடிப்பவையும் அவையே.

பட்டியலில் ஐந்து பத்திகள் இருக்கட்டும்: பொருள், தோராயமான செலவு, கேட்கப்படும் மாதம், கட்டாயமா, பள்ளியே தர முடியுமா. எழுதி முடித்ததும் மாத வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே மாதத்தில் நான்கு கோரிக்கைகள் குவிந்திருந்தால் இரண்டைத் தள்ளிப்போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதே பள்ளியில் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அந்தச் செலவு மூன்று மடங்கு என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். ஆண்டுத் திட்டம் அச்சாவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். அச்சான நாட்காட்டியை மாற்ற எவரும் எளிதில் முன்வர மாட்டார்கள்.

2. உதவிக்கான ஆவணங்கள்: கடைசி நாளுக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்

கட்டண விலக்கு, உதவித்தொகை, இலவசப் பொருட்கள் ஆகியவற்றில் உங்கள் பள்ளிக்கு எவை பொருந்தும், ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் எது, விண்ணப்பத்தை எவர் வாங்கிக்கொள்வார் என்பதை அலுவலகத்தில் விசாரித்து ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் பெயர்கள் வேறுபட்டாலும் கேட்கப்படும் ஆவணங்கள் ஏறத்தாழ ஒன்றுதான்: பிறப்புப் பதிவு, முகவரிச் சான்று, குடும்ப வருமானச் சான்று, முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம்.

தகுதியிருந்தும் உதவி கிடைக்காமல் போனவர்களில் நான் அறிந்த அனைவரும் சில குறிப்பிட்ட இடங்களில்தான் சிக்கினார்கள். முதலாவது, பெயரின் எழுத்து வேறுபாடு. பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும் இருக்கும் பெயரைத் திருத்தப் பல வாரங்கள் ஆகலாம். ஆகவே எல்லா ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது, சான்றின் காலாவதி. வருமானச் சான்று குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும் என்பது தெரியாமல் சென்ற ஆண்டுச் சான்றையே கொண்டுவருபவர்கள் பலர். மூன்றாவது, பாட்டியோ சித்தியோ வளர்க்கும் பிள்ளைகள். படிவத்தில் பெற்றோர் கையொப்பம் என்று மட்டும் இருந்தால் அந்தக் குடும்பம் வெறுங்கையுடன் திரும்பிவிடும். பாதுகாவலர் கையொப்பத்தை ஏற்பார்களா, அதற்கு என்ன சான்று வேண்டும் என்பதை நீங்களே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள்.

செலவு இங்கேயும் உண்டு. விண்ணப்பம் இலவசமாகவே இருக்கலாம். ஆனால் அலுவலகத்துக்கு ஒரு முறை போய்வர ஒரு தாய் ஒரு நாள் கூலியை இழக்கிறார், பேருந்துக் கட்டணமும் நகலெடுக்கும் செலவும் அதோடு சேர்கின்றன. ஒரு தாள் குறைந்ததற்காக அவரை மூன்று முறை அலைய விட்டால், கிடைக்கவிருக்கும் உதவியில் ஒரு பங்கு அலைச்சலிலேயே கரைந்துவிடும். தேவையான தாள்களின் பட்டியலைத் தெளிவாக அச்சிட்டு வகுப்பில் உள்ள எல்லாப் பெற்றோருக்கும் கொடுங்கள். ஏழைகள் என்று நீங்கள் கருதுபவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்: கொடுக்கும்போதே பிள்ளைகள் பிரிந்துவிடுவார்கள், தவிர, வேலை இழந்ததை வெளியே சொல்லாத குடும்பம் உங்கள் கணக்கில் வராமலே போய்விடும்.

பெற்றுக்கொண்ட தாள்களைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். உதவி பெறுவோர் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது, ஒலிபெருக்கியில் அழைப்பது ஆகிய மூன்றும் கூடாது; நன்றாக நடக்கும் பள்ளிகளிலும் அவை வழக்கமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வருகைப்பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையால் புள்ளி வைப்பதும் கூடாது. பதிவேட்டை எடுத்து வருபவர் வகுப்புத் தலைவர்தானே.

3. முதல் வாரம்: எல்லாருக்கும் ஒரே குறிப்புத் தாள்

விடுமுறையில் எங்கே போனீர்கள் என்ற கேள்வியோடு ஆண்டைத் தொடங்காதீர்கள். எங்கும் போகாதவர்களும் வேலைக்குப் போனவர்களும் அந்த முதல் மணியிலேயே பொய் சொல்ல வேண்டி வருகிறது. தந்தையின் தொழிலை எழுந்து நின்று சொல்லச் செய்வதும் அப்படிப்பட்டதே. மாறாக, உறையில் இட்ட ஒரு தாளை வீட்டுக்கு அனுப்புங்கள். பிள்ளையுடன் வீட்டில் இருப்பவர் யார், எந்த நேரத்தில் அழைத்தால் பேச முடியும், கைபேசி மாலையில் வீட்டில் இருக்குமா, எழுதிப் படிக்க எந்த இடம் இருக்கிறது, பிள்ளை பார்த்துக்கொள்ள வேண்டிய தம்பி தங்கை உண்டா, நான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதேனும் உண்டா என்று ஆறு கேள்விகள் போதும். வருமானத்தை இதில் கேட்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இருக்கலாம் என்பதால், அழைத்தும் சொல்லலாம் என்று ஒரு வரியைச் சேர்த்து, பிள்ளையிடமும் அதை வாய்மொழியாகச் சொல்லி அனுப்புங்கள்.

4. பொது அலமாரி

இந்த ஏற்பாடுதான் என் வகுப்பை மற்ற எதையும்விட அதிகமாக மாற்றியது.

ஒரு மாணவி, பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த பென்சிலின் பின்புறத்தில் பழைய நோட்டுத் தாளைச் சுருட்டிச் செருகி நீளமாக்கி எழுதிக்கொண்டிருந்தாள். தாள் நெகிழும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டு அதை இறுக்குவாள். சொல்வதெழுதுதலில் அவள் பாதியிலேயே நின்றுவிடுவதற்குக் கவனக்குறைவுதான் காரணம் என்று அவள் பெயருக்கு எதிரே நான் எழுதி வைத்திருந்தேன்.

அலமாரியில் பென்சில், பேனா, அழிப்பான், துருவி, அளவுகோல், கோடிட்ட தாள், கணக்குத் தாள், பசை, கத்தரிக்கோல் ஆகியவற்றை வையுங்கள். இவற்றோடு ஊசி நூல், பொத்தான், ஊக்கு, சீப்பு, சோப்பு, சானிட்டரி நாப்கின் ஆகியவையும் இருக்க வேண்டும். நாப்கின்களை மட்டும் கழிப்பறைக்குள்ளேயே வைப்பது மேல். நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு ஒரு பருவத்துக்கு நூறு பென்சிலும் அறுபது பேனாவும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

அலமாரி ஆசிரியர் மேசைக்கு அருகில் இருக்கக் கூடாது; வாசலுக்குப் பக்கத்தில், எல்லாரும் கடந்து போகும் இடத்தில் இருக்கட்டும். எடுப்பவர் பெயர் எழுதும் ஏடு வேண்டாம், திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் வேண்டாம். எல்லாரும் எடுக்கலாம் என்று சொல்வதோடு நில்லாமல், முதல் வாரத்தில் எல்லாரையும் எடுக்க வைக்கும்படியான ஒரு பாட வேலையைக் கொடுங்கள். நீங்களும் அதிலிருந்தே பேனா எடுத்து எழுதுங்கள். முதல் இரண்டு வாரங்களில் பொருட்கள் வெகுவேகமாகத் தீரும். திருடுகிறார்கள் என்று சகஆசிரியர்கள் சொல்வார்கள், உங்களுக்கும் மனம் தளரும். அலமாரியை அப்போது பூட்டிவிடாதீர்கள். நாளையும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு அள்ளிக்கொள்வது தானாகவே நின்றுவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

பணத்துக்கு என்ன செய்வது? முதல் மாதம் வேண்டுமானால் கைப்பணத்தைப் போடுங்கள். அதையே வழக்கமாக்கிக்கொண்டால் நீங்கள் மாறுதலாகிப் போகும் நாளில் அலமாரியும் போய்விடும். பள்ளியின் சில்லறைச் செலவு நிதியிலோ பெற்றோர் அமைப்பின் நிதியிலோ ஒரு சிறு தொகையை ஒதுக்கக் கேளுங்கள். பெற்றோரிடம் திரட்டுவதானால், ஒரே மாதிரியான உறைகளை எல்லாருக்கும் கொடுத்து, நிரப்பியோ வெறுமையாகவோ ஒட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கள். பொருள் தருபவர் பிள்ளைகளோடு புகைப்படம் எடுத்துக்கொள்ள விரும்பினால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

5. பணம் கேட்கும் முறையும் காலமும்

மாதக் கடைசியில் அறிவித்து நான்கு நாட்களில் பணம் கேட்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. பணமுடை மனத்தையே அடைத்துக்கொள்ளும் என்பதை 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது, பணம் இறுக்கமாக இருந்த நாட்களில் அதே மனிதர்கள் சிந்தனைத் திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். படிவத்தை நிரப்ப மறந்த பெற்றோரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல எனக்கு நாவெழும்போதெல்லாம் இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

எந்தத் தொகையானாலும் குறைந்தது எட்டு வாரங்கள் முன்பே தெரிவியுங்கள். தவணையாகக் கட்டலாம் என்பதை முதல் அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். நினைவூட்டலைப் பிள்ளையின் வாயிலாக அனுப்பாமல் பெற்றோரிடமே தனியாகச் சொல்லுங்கள். பாக்கியிருப்பதற்காகத் தேர்வு எழுத விடாமலோ மதிப்பெண் அட்டையைக் கொடுக்காமலோ நிறுத்தும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அது பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், பிள்ளையை இடையில் நிறுத்தாதீர்கள் என்று தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது.

சுற்றுலாவைப் பொறுத்தவரை நான் கண்ட வழி இதுதான்: மொத்தச் செலவைப் பேருந்து, நுழைவுச்சீட்டு, கைச்செலவு உட்பட முதலில் கணக்கிட்டு, வகுப்பில் எல்லாரும் வர முடியாத இடமாக இருந்தால் அந்த இடத்தையே மாற்றிவிடுவது. கைச்செலவுக்கு எவரும் பணம் கொண்டுவரக் கூடாது என்று வைத்தபோது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோரும் நிம்மதியடைந்தார்கள்.

6. வீட்டுப்பாடமும் செயல்திட்டமும்

செயல்திட்டங்களை வகுப்பிலேயே, வகுப்புப் பொருட்களைக் கொண்டே செய்ய வையுங்கள். வீட்டில் செய்யச் சொன்னால் பெற்றோரின் பணத்துக்கும் ஓய்வுக்கும்தான் மதிப்பெண் போடுகிறோம். அலங்காரத்துக்கு மதிப்பெண் ஒதுக்கியிருந்தால் அதை எடுத்துவிட்டு விளக்கத்துக்குக் கொடுங்கள். அச்செடுத்து வரச் சொல்வது, காணொளி பார்த்து வரச் சொல்வது ஆகியவற்றுக்குப் பள்ளியிலேயே ஒரு வழி இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் செய்யாமல் வருபவர்களுக்கு, முதல் மணி அடிப்பதற்கு முன்போ பள்ளி முடிந்த பிறகோ அரை மணி நேரம் வகுப்பறையைத் திறந்து வைத்தாலே பெரும் பகுதி தீர்ந்துவிடும். மாலையில் வேலை இருக்கும் பிள்ளைகள் காலையில் வருவார்கள், தம்பி தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவர்கள் மாலையில் வருவார்கள். இரண்டில் எது உங்கள் வகுப்புக்குப் பொருந்தும் என்பது முதல் வாரத் தாளிலேயே தெரிந்துவிடும்.

7. பாடம் நடக்கும் வேளையில்

விடை கண்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்பது நாம் நாள்தோறும் சொல்வது. பிரான்சில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், முடித்தவர்கள் கையை உயர்த்தி எல்லாரும் அதைப் பார்க்கும்படி செய்தபோது உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளின் செயல்திறன் குறைந்தது. அருகில் இருப்பவன் முன்பே பயிற்சி பெற்றவன் என்பது தெரியாமல், தனக்கு அறிவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. நான் இப்போது எல்லாரையும் தாளில் எழுதச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கிடையே நடந்து பார்க்கிறேன். கேள்வி கேட்டபின் மூன்று நொடி காத்திருப்பதும் அவசியம். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடியாக நீட்டினால் அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே பதிவு செய்திருக்கிறார். மூன்று நொடி என்பது நின்றுகொண்டிருப்பவருக்கு நெடுநேரமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள்.

தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள். கதவருகில் ஓர் இருக்கையைக் காலியாக வைத்து, வந்ததும் அமர்ந்துகொள்ளச் சொல்லி, காரணத்தை இடைவேளையில் தனியாகக் கேளுங்கள். காலையில் சாப்பிடாமல் வருவதும் அப்போதுதான் தெரியவரும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளைக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சீனக் கிராமப்புறப் பள்ளிகளில் இலவசமாகக் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்ததை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. முதல் மாதத்திலேயே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால் முதல் பருவத் தேர்வுக்குள் கண்ணாடி வந்துவிடும்.

8. பெற்றோரை அழைக்கும்போது

முதல் அழைப்பு நல்ல செய்திக்காக இருக்கட்டும். பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே நடுங்கும் வீடுகள் உண்டு. "உங்க பொண்ணு இன்னிக்கு வகுப்புல ரொம்ப அழகா வாசிச்சாம்மா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று நான் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு அந்த அம்மா, "வேற ஒண்ணும் இல்லையே டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பில்லாமலே வந்தார்.

கூட்டத்தை வேலை நாள் நண்பகலில் வைத்துவிட்டு அக்கறையில்லாதவர்கள் வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு நேரங்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வர முடியாதவர்களிடம் தொலைபேசியில் பேசுங்கள். வந்தவரை நிற்க வைத்துப் பேசாமல் உங்களுக்குச் சமமான நாற்காலியைக் கொடுங்கள். பிள்ளை முன்னால் பண விஷயத்தைப் பேசாதீர்கள்.

9. உங்களால் மட்டும் தீர்க்க முடியாதவை

தொடர்ச்சியான பசி, உடம்பில் காயம், பள்ளி நேரத்தில் கூலி வேலை, திருமணப் பேச்சு ஆகியவற்றைக் கண்டால் அன்றே தலைமையாசிரியரிடமும், குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் தேதியோடு எழுதுங்கள். ஊகங்களைச் சேர்க்க வேண்டாம். எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குடும்பத்துக்குத் தனிப்பட்ட முறையில் கடன் கொடுப்பதையும் தவிருங்கள். திருப்பித் தர முடியாத நிலை வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க இயலாமல் பிள்ளை பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும்.

10. ஆண்டு முடிவதற்கு மூன்று வாரங்கள் முன்பு: அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைத்தல்

ஆண்டு முழுவதும் தெரிந்துகொண்டதை உங்களோடு எடுத்துப் போய்விட்டால், அடுத்த ஆசிரியர் அந்தக் குடும்பங்களை முதலிலிருந்து விசாரிக்கத் தொடங்குவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள்: எந்த உதவிக்கு விண்ணப்பித்தோம், எந்தச் சான்று எப்போது காலாவதியாகும், எந்த நேரத்தில் வீட்டுக்கு அழைக்கலாம், எந்த ஏற்பாடு பலன் தந்தது. ஏழைக் குடும்பம், அக்கறையில்லாத பெற்றோர் போன்ற முத்திரைகளை எழுதாதீர்கள். எழுதியதைப் பெற்றோரிடம் படித்துக் காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை அடித்துவிட்டு, உறையில் இட்டு அடுத்த வகுப்பாசிரியரின் கையில் நேரடியாகக் கொடுங்கள். அலமாரியில் மீந்திருக்கும் பென்சில்களையும் அப்போதே அந்த வகுப்பறைக்கு மாற்றிவிட்டால், முதல் நாள் காலையில் பிள்ளைகள் உள்ளே வரும்போது வாசலுக்குப் பக்கத்தில் அவை இருக்கும்.